சீலையும் சோலையும்

ஜவுளிக்கடைகளின் காலண்டரும் வால்பாறையின் மழையும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஐப்பசியில் தீபாவளி என்றால், ஆடி பிறக்கும்போதே கடையிலிருந்து அழைப்பு வந்துவிடும். புதுச்சேலைகள் தறியிலிருந்து இறங்குவது அப்போதுதான். படம் எடுத்து, வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, புரட்டாசிக்குள் கையில் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஆடியிலும் ஆவணியிலும் தென்மேற்குப் பருவமழை ஆனைமலையை விட்டு நகராது. தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று சின்னக்கல்லார். அதற்குப் பக்கத்து எஸ்டேட்டில் நின்றுகொண்டு, பட்டு நனையாமல் படம் எடுக்க வேண்டும். தை முகூர்த்தத்துக்கான படம் கார்த்திகையிலும் மார்கழியிலும் வரும். மழை விட்டாலும் அப்போது மூடுபனி விடாது. மாசி, பங்குனியில் வெளிச்சம் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். அந்த மாதங்களில் யாரும் கூப்பிடுவதில்லை. கோவை வட்டாரத்தில் நாங்கள் எடுத்த ஃபேஷன் ஃபிலிம்கள் எல்லாம் இந்த நெருக்கடிக்குள்தான் வளர்ந்தன. தேவதைக் கதையின் சாயல், கொஞ்சம் கவிதை, நிறையக் காடு என்று இன்று அவற்றைப் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சாயலில் பாதியை மழை கொடுத்தது.

எனக்கு வேலை உடைப் பிரிவில். அப்பா நெகமத்தில் தறி நெய்தவர். தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு விளம்பரப் படக் குழுவில் இஸ்திரிப்பெட்டி தூக்கச் சேர்ந்தேன். அன்று எடுத்ததெல்லாம் 30 விநாடிப் படங்கள். முற்றம் வைத்த வீடு, தாத்தா பாட்டி, மாடிப்படியில் இறங்கி வரும் மணப்பெண், முடிவில் கடையின் பெயர். தியேட்டர் இடைவேளையிலும் உள்ளூர் கேபிளிலும் ஓடும். மலை வேண்டும் என்றால் ஊட்டிக்குப் போவார்கள். ஊட்டியில் கூட்டம் பெருகி, ஒரு ஷாட் எடுக்க நூறு பேரை விலக்க வேண்டியிருந்த பிறகுதான் யூனிட்டுகள் ஆழியாறு வழியாக இந்தப் பக்கம் ஏறத் தொடங்கின.

பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜெனரேட்டர் வண்டி அந்த வளைவுகளில் ஏறுவதற்குள் பாதிக் காலை போய்விடும். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட்டில் எல்லோரும் இறங்கி நிற்பார்கள். கீழே ஆழியாறு அணையும் பொள்ளாச்சிச் சமவெளியும் தெரியும். பாறைமேல் வரையாடு நிற்கும். இயக்குநர்கள் அங்கேயே கேமராவைப் பிரிக்கச் சொல்வார்கள். எங்கள் டிரைவர் அண்ணன் பொள்ளாச்சிக்காரர். "இங்கயே எடுத்துப்போட்டா மேல எதுக்குங் போறது? ஏறுங், மஞ்சு எறங்கறதுக்குள்ள போயிரலாம்" என்று விரட்டுவார். அவர் சொன்னது சரி. வளைவில் தெரிவது காட்சி. மேலே போனால்தான் இடம்.

அது ஃபிலிம் சுருள் காலம். 400 அடிச் சுருள் ஒன்று, விநாடிக்கு 24 சட்டகம் ஓடினால் நாலரை நிமிடம்கூட வராது. முந்தானை காற்றில் மெதுவாக மிதக்க வேண்டும் என்று 120 சட்டகத்தில் ஓட்டினால் அதே சுருள் ஒரு நிமிடத்துக்கு முன்பே தீர்ந்துபோகும். அதனால் ஒரு முந்தானை எழும்ப வேண்டிய இடம், வேகம், அது விழ வேண்டிய பக்கம் எல்லாவற்றையும் கேமரா ஓடும் முன்பே ஒத்திகை பார்ப்போம். துணியை வீசிவிட்டுச் சட்டகத்துக்கு வெளியே பாய்ந்து ஓடுவது என் வேலை. ஒவ்வொரு துணியும் காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நான் அப்படித்தான் படித்தேன். காஞ்சிபுரம் கோர்வைப் பட்டு எத்தனை பெரிய மின்விசிறி வைத்தாலும் பறக்காது. அது கனம், நின்று கம்பீரம் காட்டும். சிறுமுகை மென்பட்டு ஒரு மூச்சுக்கு எழும்பும். பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கோவை கோரா, உலர்ந்த காற்றில் மடிப்புக் கலையாமல் நிற்கும். வால்பாறை ஈரத்தில் அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடும். நெகமம் பருத்திக்குக் கஞ்சி போட்டுக் கொண்டுபோனால் பனி அந்தக் கஞ்சியை இளக்கிவிடும். கஞ்சி இல்லாமலே கட்டினால் உடம்போடு இழைந்து அழகாக இருக்கும். இந்தக் கணக்குத் தெரியாமல் கதை எழுதி வந்தவர்களின் படங்களெல்லாம் மலையில் வந்து தடுமாறின.

2000த்துக்குப் பிறகு வெள்ளைக் கவுன் காலம் வந்தது. கல்யாண வரவேற்புக்குக் கவுன் உடுத்தும் பழக்கம் கோவையிலும் பரவியது. கடைகள் அதற்குத் தனித் தளம் திறந்தன. இயக்குநர்கள் வெளிநாட்டுப் படங்களைக் கத்தரித்து ஒட்டிய ஆல்பத்தோடு வந்தார்கள். ஊஞ்சல், சிறகு, வெள்ளைக் குதிரை, கிரீடம். ஒருமுறை நீண்ட வலைத்துணி வால் வைத்த கவுனை, தேயிலைச் சரிவில் ஓடவிட வேண்டும் என்றார் ஓர் இயக்குநர். அந்தச் சரிவு அப்போதுதான் கவ்வாத்து முடிந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே பச்சை இருக்காது. சீவிய குச்சிகள்தான் நிற்கும். மூன்றாவது அடியிலேயே வலைத்துணி பிடித்துக்கொண்டது. நூல் நூலாகப் பிரிந்தது. அந்தப் பெண்ணை நிற்கவைத்து மட்டும் எடுத்தார்கள். பிறகு பனி இறங்கியது. வெள்ளைப் பனியில் வெள்ளை உடை. முகமும் கையும் மட்டும் மிதந்தன. படம் வெளியாகி நன்றாகவே ஓடியது. ஆனால் அது ஐரோப்பாவில் எடுத்தது என்று சொன்னாலும் நம்புவார்கள். வால்பாறை வரை ஏறிப் போய் எடுத்ததற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை.

வெளிநாட்டுப் படங்கள் மேல் எனக்குக் குறை கிடையாது. ழாக் தெமி 1970இல் எடுத்த ‘போ தான்’ என்ற பிரெஞ்சுப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரோ எழுதிய கழுதைத்தோல் கதை அது. இளவரசி தனக்கு விருப்பமில்லாத திருமணத்தைத் தள்ளிப்போட, வானிலையின் நிறத்தில் ஓர் உடை, நிலவின் நிறத்தில் ஒன்று, சூரியனின் நிறத்தில் ஒன்று எனக் கேட்பாள். வானிலை நிற உடைக்காகத் திரைத்துணியிலேயே ஆடை தைத்து, அதன்மேல் மேகங்கள் நகரும் படத்தை ஓடவிட்டார்கள். நான் அதில் கற்றது தந்திரத்தை இல்லை. அந்தக் கதையில் உடையை எடுத்துவிட்டால் கதையே நின்றுபோகும். உடை அங்கே அலங்காரமாக இல்லை. கதையை நகர்த்துவதே அதுதான். 2000இல் லண்டனில் நிக் நைட் ‘ஷோஸ்டூடியோ’ தொடங்கி, உடையை அசையும் படமாகவே காட்டலாம் என்று இணையத்தில் வழி திறந்தார். 2020இல் பெருந்தொற்றால் பாரிஸில் காட்சி மேடை நடத்த முடியாமல் போனபோது, டியோர் நிறுவனம் மத்தேயோ கரோனேவை வைத்து ஒரு படம் எடுத்தது. சிறு பொம்மைகளுக்குத் தைத்த உடைகளை ஒரு பெட்டியில் வைத்து, காட்டில் வாழும் நீர்த்தேவதைகளிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அதிலும் உடைதான் கதை. நம் ஆட்கள் எடுத்துக்கொண்டது கிரீடத்தையும் சிறகையும். எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த முறையை.

நமக்குக் கதை இல்லையா? 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அதன் ஓவியங்களில் இளவரசியின் மேலாடை எப்படிச் சுருண்டு விழும் என்பது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. விட்டலாச்சார்யா படங்களில் மோகினியின் முந்தானை முதலில் வரும், பிறகுதான் மோகினி வருவாள். 1998இல் சந்தோஷ் சிவன் எடுத்த ‘மல்லி’யில் காட்டோரத்துச் சிறுமி ஒருத்தி ஒரு புது உடுப்புக்கும் ஒரு நீலமணிக்கும் ஏங்குவாள். தமிழில் எடுத்த தேவதைக் கதைகளில் அதற்கு இணையாக நான் வேறொன்றைச் சொல்ல மாட்டேன். அதற்கும் முன்னால் போனால் சங்கப்பாட்டு இருக்கிறது. குறிஞ்சித் திணையில் தலைவன் தலைவிக்குக் கொண்டுவந்து கொடுப்பது தழையாடை. இலையையும் பூவையும் தொடுத்து இடுப்பில் உடுத்துவது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் பறித்துக் குவிக்கும் பூக்கள் 99. தினைப்புனம், பரண், கிளி ஓட்டும் பெண், அவளைத் தேடி வேட்டைக்காரனாகவும் கிழவனாகவும் வரும் முருகன். உடை, காடு, கவிதை மூன்றும் ஒன்றாக இருந்த இடம் இதுதான். வள்ளி கதை நம் வீட்டுத் திண்ணையில் இருக்க, நாங்கள் சிண்ட்ரெல்லாவின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இந்த எண்ணம் என் வேலைக்குள் வந்தது ஒரு கொழுந்து பறிக்கும் அக்காவால்.

கிளி ஓட்டும் பெண்ணை வைத்து ஒரு கோரா சேலைப் படம். தினைக்குப் பதிலாகத் தேயிலை. தொலைந்த கிளியைத் தேடிப் போகிறாள் என்று கதை. நான் வழக்கம்போலக் கொசுவத்தைத் தரை தொடும்படி வைத்து, முந்தானையை ஒற்றையாக விட்டிருந்தேன். செடிகளுக்கு நடுவே நடக்கும் தடம் ஓர் ஆள் நுழையும் அகலம்தான். அந்தப் பெண் நடக்க நடக்கச் சேலை இரண்டு பக்கமும் மாட்டியது. மேல் தடத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார். வால்பாறை எஸ்டேட்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன்பு தெற்கத்தி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். பேச்சில் கொங்குச் சாயல் குறைவு. "இப்படிக் கட்டினா செடி விடாதும்மா. நாங்க கட்டுறாப்புல கட்டுங்க" என்றார். கொசுவத்தைக் கெண்டைக்கால் அளவுக்குத் தூக்கி, ஒரு பக்கமாக இழுத்துச் செருகினார். முந்தானையை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் அடக்கினார். தலையில் கூடைக் கயிறு பதியும் இடத்தில் ஒரு துணியை நான்காக மடித்து வைத்தார். அவ்வளவுதான். அந்தப் பெண் சரிவில் ஓடினாள். கரை முழங்காலுக்குக் கீழே பளிச்சென்று கோடிட்டது; தரையில் இழுபட்டிருந்தால் அந்தக் கரையை யாரும் பார்த்திருக்க முடியாது. உடுத்தும் முறையை மலை தீர்மானித்திருந்தது, அதை அந்த அக்கா அறிந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு உடைப் பிரிவின் சம்பளம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கட்டை இன்றுவரை மலைப்படங்களில் பயன்படுத்துகிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேவதைக் கதைபோலத் தெரியும் இந்தச் சரிவுகள் எப்படி உண்டாயின என்று தெரிந்துகொள்ளாமல் இங்கே கேமரா வைக்கக்கூடாது. பி.எச். டேனியல் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’ நாவல் தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று வந்தது. டேனியல் இந்தத் தோட்டங்களில் மருத்துவராக வேலை செய்தவர். காய்ச்சலிலும் கடனிலும் அடியிலும் மாண்டவர்களின் கதை அது. பாலாவின் ‘பரதேசி’ 2013இல் அதைத் தழுவி வந்தது. எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களிடம் மலை ஏறும் முன் அந்தப் புத்தகத்தைப் படிக்கச் சொல்வேன். படித்தவர்கள், வேலை செய்யும் பெண்களை "பேக்ரவுண்டுல கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க" என்று சொல்வதில்லை. கொழுந்துக்கு எடைக் கணக்கு உண்டு. ஷாட்டுக்காக ஒருவரை அரை மணி நேரம் நிறுத்தினால் அவருடைய எடை குறைகிறது. அந்தக் கூலியைப் படத்தின் பட்ஜெட்டில் எழுத வேண்டும். மழைக்கு அவர்கள் போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் படுதாவைக் கழற்றச் சொல்கிற இயக்குநர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். நம் படத்துக்காக இன்னொருவர் நனையத் தேவையில்லை.

நிறத்துக்கு வருகிறேன். மூடுபனி முதலில் வெளிர் நிறங்களை விழுங்கும். சந்தன நிறம், இளஞ்சிவப்பு, வான நீலம் எல்லாம் பத்தடி தூரத்தில் ஒரே சாம்பலாகிவிடும். இலைப்பச்சை தேயிலைக்குள் மறையும். பனியில் நிற்பவை அரக்கு, மயில்கழுத்து, மஞ்சளில் ஆழ்ந்த மஞ்சள், எம்.எஸ். ப்ளூ. கருநீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இருக்கும் அந்த எம்.எஸ். ப்ளூ, மார்கழிப் பனியில் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். மேகமூட்டத்தில் ஜரிகை செத்துவிடும். அதற்குக் கீழிருந்து ஒரு சிறு விளக்கைச் சூடான நிறத்தில் வைத்தால் போதும். பெரிய விளக்கு வைத்தால் பனி முழுவதும் வெளுத்துவிடும். தேயிலையின் பச்சை, முகத்தின் கீழ்ப்பக்கத்தில் அடிக்கும். லைட்மேன் அண்ணன்கள் கறுப்புத் துணி கட்டரைச் செடிமேலேயே விரித்து அதை அடக்குவார்கள். இதெல்லாம் எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கிற பாடமில்லை.

அட்டைப்பூச்சி தனி அத்தியாயம். மழைக்காலத்தில் சோலையோரம் நின்றால் ஐந்து நிமிடத்தில் ஏறிவிடும். உப்பும் புகையிலைத் தூளும் துணியில் முடிந்து வைத்திருப்போம். சேலைக்குள் முழங்கால்வரை நெருக்கமாக நெய்த காலுறை போட்டுவிடுவேன். கொசுவம் அதை மறைக்கும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். பட்டில் பட்டால் உடனே குளிர்ந்த நீரால் ஒற்றி எடுக்க வேண்டும். பதற்றத்தில் வெந்நீர் ஊற்றினால் கறை நிரந்தரம்.

கவிதை எழுதுகிறவர்கள் இந்தப் படங்களுக்கு வரத்தொடங்கியது படங்கள் இரண்டு, மூன்று நிமிடமாக நீண்ட பிறகு. 30 விநாடியில் தள்ளுபடியைச் சொல்லவே நேரம் போதாது. இணையத்துக்கென்று எடுக்கத் தொடங்கியபோது விலையும் தள்ளுபடியும் படத்திலிருந்து விலகின. அந்த இடத்தில் ஒரு குரல் தேவைப்பட்டது. ஏழு கன்னிமாரை வைத்து ஏழு சேலைகளில் ஒரு படம் எடுத்தோம். கொங்கு நாட்டில் ஆற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் ஏழு கல் நட்டுக் கன்னிமார் என்று கும்பிடுவது உண்டு. ஏழு பேரும் கூழாங்கல் ஆறு போன்ற ஒரு நீரோட்டத்துக்கு இறங்கி வருகிறார்கள், ஒருத்தியின் சேலையை ஆறு கொண்டுபோகிறது, அது கீழே சமவெளியில் ஒரு நெசவாளியின் கையில் சேருகிறது. இதுதான் கதை. எழுத வந்த இளம் கவிஞர் முதலில் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். ஆறு ஓடுகிறது என்று படம் காட்டும்போது ஆறு ஓடுகிறது என்று குரலும் சொன்னது. எடிட்டர் ஒவ்வொரு வரியாகக் கேட்டு, படம் சொல்லிவிட்டதை எல்லாம் நீக்கினார். மிஞ்சியது எட்டு வரி. அந்த எட்டும், ஆற்றோடு போன சேலை என்ன நினைத்திருக்கும் என்பதைப் பற்றியவை. கேமராவால் காட்ட முடியாதவை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, குரல் கொடுத்த நடிகை மூச்சு விடும் நேரத்தை விட்டார்கள். அந்த இடைவெளியில் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை வந்து உட்கார்ந்தது. ஒலிப்பதிவாளர் விடியற்காலை நான்கரைக்கே போய்க் காத்திருந்து பிடித்தது அது. இசையமைப்பாளரும் அந்தச் சீழ்க்கைமேல் கைவைக்கவில்லை.

அந்தப் படத்துக்கான சேலைகளை நெகமத்தில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் நெய்தார். "ஏங்கண்ணு, ஆத்துல உடறதுக்கா இத்தன நாள் நெஞ்சேன்?" என்று கேட்டார். ஆற்றில் விடுவதற்கென்று தனியாக ஒரு சாயத் துண்டு வாங்கியிருக்கிறோம், அவர் நெய்தது நனையாது என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. நெகமம் பருத்திச் சேலைக்குப் புவிசார் குறியீடு 2023இல் கிடைத்தது. கோவை கோராவுக்கு அது முன்பே கிடைத்திருந்தது. குறியீடு வந்தால் போலி குறையும் என்ற நம்பிக்கை தறிக்காரர்களுக்கு இருக்கிறது. விசைத்தறியில் அதே கரையை அச்சாகப் போட்டு, கைத்தறி என்று விற்பது இன்னும் நிற்கவில்லை.

2018இல் நீலக்குறிஞ்சி பூத்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் எல்லாக் கடைக்கும் குறிஞ்சி வேண்டியிருந்தது. கிராஸ் ஹில்ஸ் புல்வெளியில் பூக்களுக்கு நடுவே மாடலை நிறுத்த வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அது ஆனைமலை புலிகள் காப்பகத்தின் உள்பகுதி; படக்குழு நுழையும் இடமில்லை, நுழையவும் கூடாது. பூக்களை மிதித்துத்தானே நடுவில் நிற்க முடியும்? நாங்கள் வேறு வழி தேடினோம். சிறுமுகையில் ஒரு சாயக்காரரிடம் குறிஞ்சியின் ஒளிப்படங்களைக் காட்டி, அந்த நிறத்தில் மென்பட்டு கேட்டோம். குறிஞ்சி காலையில் ஒரு நீலம், மதியத்தில் கொஞ்சம் ஊதா. ஒரு நிறத்தில் அது அடங்காது. பாவில் நீலமும் ஊடையில் இளம் ஊதாவும் கொடுத்து, திரும்பும் பக்கமெல்லாம் நிறம் மாறும்படி நெய்துகொடுத்தார். எஸ்டேட் எல்லைக்குள், புல் மட்டும் இருந்த ஒரு மேட்டில், அந்தச் சேலை ஒன்றை மட்டும் விரித்து எடுத்தோம். பூ ஒன்றுகூடப் படத்தில் இல்லை. பார்த்தவர்கள் பூ இருந்ததாகவே நினைக்கிறார்கள். நான் வேலை செய்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

காடு பற்றிய புரிதல் எங்கள் தொழிலில் மெதுவாகத்தான் வந்தது. முன்பெல்லாம் லாரியில் பிளாஸ்டிக் பூவும் ஜிகினாவும் வரும், புகைக்குண்டு கொளுத்துவார்கள். வால்பாறையில் தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகச் சோலைகள் இருக்கின்றன. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்துக்கே வரும். இருவாச்சி பறந்தால் சிறகோசை தலைக்குமேல் ரயில் போவதுபோல் கேட்கும். அங்கே புகை போடுவது எவ்வளவு கொடுமை என்று சொல்லிக்கொடுத்தவர்கள் எஸ்டேட் வாட்சர்கள். இப்போது அலங்காரத்துக்குப் பூ தேவைப்பட்டால் உண்ணிச்செடியை வெட்டச் சொல்கிறேன். வெளியிலிருந்து வந்து காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் செடி அது. ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதை எவ்வளவு வெட்டினாலும் காட்டுக்கு நல்லது. விதை சிந்தாமல் மூட்டை கட்டி இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

யானைக்கு நாங்கள்தான் வழிவிட வேண்டும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் வனத்துறையோடு சேர்ந்து, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்தாகவும், மேட்டில் எரியும் சிவப்பு விளக்காகவும் ஊருக்குச் சொல்லும் ஏற்பாட்டைச் செய்தது. ஒருநாள் மாலை வெளிச்சம் பொன்னாக இறங்கியிருந்தது, ஓர் ஆண்டில் ஒன்றிரண்டு முறை கிடைக்கும் வெளிச்சம். வாட்சர் அண்ணன் வந்து, "லைட்டு எரியுது, கூட்டம் இந்தப் பக்கம்தான் வருது" என்றார். இயக்குநர் ஒரே ஒரு டேக் என்று கெஞ்சினார். மேனேஜர் பேக்கப் சொல்லிவிட்டார். விளக்கையும் ட்ராலியையும் விட்டுவிட்டு வண்டியில் ஏறினோம். மறுநாள் போய்ப் பார்த்தபோது ட்ராலித் தண்டவாளத்தை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூட்டம் கடந்துபோயிருந்தது. அன்றிலிருந்து எங்கள் கால்ஷீட்டில் வேலை முடியும் நேரம் மாலை ஐந்து. சிறுத்தை நடமாடும் ஊரில் இருட்டில் யாரையும் நடக்கவைக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

கருவிகள் மாறியதைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்தபின் சுருள் கணக்கு போனது. கோவைக் கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்த பிள்ளைகள் எட்டுப் பேராக ஒரே வேனில் வந்து படம் எடுத்துவிட்டு இறங்கினார்கள். அது நல்லது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் சிறு கடையும்கூடப் படம் எடுக்க முடிந்தது அப்போதுதான். பிறகு செல்பேசிக்காக நிமிர்த்திப் பிடித்த சட்டகம் வந்தது. பலரும் அதைத் திட்டுகிறார்கள். சேலை நெடுக விழும் துணி. நிமிர்ந்த சட்டகத்தில் தோளிலிருந்து பாதம்வரை முழுசாக அடங்கும். நேராக உயர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நிறுத்தினால் இன்னும் பொருந்தும். போனது மலையின் அகலம். நல்லமுடி பூஞ்சோலையில் நின்று எதிர் மலைத்தொடரைக் காட்ட வேண்டுமென்றால் அந்தச் சட்டகத்தில் வழியில்லை.

இப்போது கணினியே காட்டையும் பெண்ணையும் சேலையையும் உருவாக்கித் தருகிறது. சில கடைகள் அதற்கு மாறிவிட்டன. மழையும் அட்டையும் யானையும் கிடையாது, செலவும் குறைவு. நான் அவற்றை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்க்கிறேன். அந்தப் பெண் திரும்பும்போது கொசுவத்தின் எண்ணிக்கை மாறுகிறது. கரை முந்தானைக்குள் கரைந்துவிடுகிறது. தறியில் எந்த நெசவாளியாலும் நெய்ய முடியாத ஒரு துணி அது. கடைக்குப் போய் அதே சேலையைக் கேட்கும் பெண்ணுக்கு அதைக் கொடுக்கவே முடியாது. நெய்ததைக் காட்டுவதற்காகத் தொடங்கிய தொழில், நெய்யாததைக் காட்டுவதில் வந்து நிற்பதை நான் ஏற்கவில்லை.

கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தீபாவளிப் படத்துக்கு ஆடியில் கூப்பிடாதீர்கள், சித்திரையிலேயே கூப்பிடுங்கள். சேலைகள் நெய்து முடிக்கும் முன்பே கதையையும் இடத்தையும் பேசிவிட்டால், அந்த மலைக்கும் பனிக்கும் ஏற்ற நிறத்தைத் தறியிலேயே ஏற்றலாம். குறிஞ்சிச் சேலை அப்படித்தான் வந்தது. படத்தின் முடிவில் உங்கள் கடையின் பெயருக்குக் கீழே, அந்தச் சேலையை நெய்தவரின் பெயரையும் அவர் ஊரையும் போடுங்கள். அதற்கு இரண்டு விநாடி போதும்.